பக்கத்து வீட்டில் என்ன சொன்னீர்கள்?

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கான எங்கள் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேரும் அம்மாக்கள் எல்லோர் முன்னாலும் கேட்பது ஒன்று, தனியாகக் கேட்பது இன்னொன்று. குழுவில் கேட்பது தெரபி பற்றி. எந்த சென்டர், மாதம் எவ்வளவு, ஸ்பீச்சுக்கு யார் நல்லவர். அப்புறம் இரவு பிள்ளை தூங்கிய பிறகு தனி மெசேஜ் வரும். "அக்கா, பக்கத்து வீட்டுல என்னன்னு சொன்னீங்க?"

தெரபி பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் யாரும் உட்கார்ந்து பதில் சொல்வதில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

என் மகனுக்கு 13 வயது. ஆட்டிசம். பேச்சு மிகக் குறைவு. மதுரையில் வைகைக்கு வடகரைப் பக்கம் குடியிருக்கிறோம். அவன் பெயரை எழுதவில்லை. ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்று பின்னால் அவனே முடிவு செய்துகொள்ளட்டும்.

பல வருஷமாகப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான். நம்மில் நிறைய பேர் தெருவில் சண்டை போடுகிறோம், பள்ளிக்கூடத்தில் கெஞ்சுகிறோம். இது தலைகீழாக இருக்க வேண்டும். தெருவில் நமக்கென்று சட்டம் எதுவும் இல்லை. அங்கே உறவு சொல்லிக் கூப்பிட்டு, இன்னது வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் சட்டம் இருக்கிறது. அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டியதே இல்லை.

முதலில் தெரு.

"அவனுக்கு ஆட்டிசம், கொஞ்சம் புரிஞ்சுக்கோங்க" என்றால் எதிரே நிற்பவர் தலையை ஆட்டுவார். அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. பாவப்படுவார், இல்லையென்றால் ஒரு கோயிலும் ஒரு பரிகாரமும் சொல்வார். நான் பக்கத்து வீட்டில் சொன்னது இது: "கூப்பிட்டா திரும்ப மாட்டான். ஆனா காதுல விழும், நீங்க சொல்றது புரியும். சத்தம் ஆகாது. தெருவுல தனியா போறதைப் பாத்தீங்கன்னா கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, பயந்து ஓடுவான். முன்னால போய் நின்னுக்கிட்டு எனக்கு ஒரு ஃபோன் போடுங்க."

இதையே முக்கு டீக்கடையில், பூக்கார அக்காவிடம், இஸ்திரி வண்டி அண்ணனிடம் சொல்லி நம்பர் கொடுத்தேன். எங்கள் பிள்ளைகளில் சிலருக்குக் கதவு திறந்திருந்தால் கிளம்பிப் போய்விடும் பழக்கம் உண்டு. போக்குவரத்து தெரியாது, தண்ணீரைக் கண்டால் இறங்கிவிடுவார்கள். ஆட்டிசம் பிள்ளை வீட்டில் தாழ்ப்பாள் ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அதுதான் காரணம். ஒருநாள் அவன் வெளியே போனபோது இஸ்திரி அண்ணன் வண்டியை அப்படியே விட்டுவிட்டு, அவன் முன்னால் போய் நின்று, ஒன்றும் பேசாமல் மடித்து வைத்திருந்த சட்டை ஒன்றை நீட்டியிருக்கிறார். சூடான துணி அவனுக்குப் பிடிக்கும் என்று அவராகவே கவனித்து வைத்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது இவன் அந்தச் சட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறான். "ஒண்ணும் அவசரமில்லம்மா, மெதுவா வாங்க" என்றார்.

சலூன் கதை பலருக்கும் உதவும். மெஷின் சத்தம், கழுத்தில் ஒட்டும் முடி, முகத்தில் அடிக்கும் தண்ணீர், மூன்றுமே அவனுக்கு வலி. கழுத்தில் கட்டும் அந்த வழுவழுப்பான துணி வேறு. எங்கள் தெரு சலூன் அண்ணனிடம் நான் மட்டும் போய்க் கேட்டேன். "அண்ணே, கூட்டமில்லாத நேரம் ஒண்ணு சொல்லுங்க. மெஷின் வேணாம், கத்திரி மட்டும். தண்ணி அடிக்காதீங்க. துணி நாங்க கொண்டுவர்றோம்." செவ்வாய்க்கிழமை கடை விடுமுறைதானே, அன்றைக்கு அரை மணி நேரம் திறக்க முடியுமா என்றும் கேட்டுப் பார்த்தேன். "செவ்வாக்கிழமை கத்திரி எடுக்கக் கூடாதும்மா. திங்கக்கிழமை மத்தியானம் ரெண்டரைக்கு வாங்க, ஈ காக்கா இருக்காது. டிவியையும் அமத்திடறேன்" என்றார்.

முதல் தடவை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்ததோடு சரி. அடுத்த தடவை கத்திரியை அவன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அதற்கடுத்து இடது காதுப் பக்கம் மட்டும் வெட்டினார். பாதி முடியோடு அவன் தெருவில் நடந்து வந்தான். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? இப்போது வீட்டிலிருந்து பருத்தித் துண்டை அவனே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிறான். காத்திருக்கும் வேறு யாராவது வேடிக்கை பார்த்தால், "தம்பிக்கு மெஷின் ஆகாது, கத்திரிதான்" என்று அண்ணன் சொல்லிவிடுவார். ஒருவருக்கு ஷேவிங் க்ரீம் ஒத்துக்கொள்ளாது என்று சொல்கிற அதே குரலில் சொல்வார். அந்தக் குரலை எந்த விழிப்புணர்வு ஊர்வலத்திலும் நான் கேட்டதில்லை.

அடுத்து அம்மன் கோயில் திருவிழா. எங்கள் வீட்டு எதிர்க் கம்பத்தில்தான் வருஷா வருஷம் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஸ்டேஷனுக்குப் போகலாம். போனால் அந்த வருஷம் சத்தம் குறையும், ஆனால் என் பிள்ளை அந்தத் தெருவுக்கு வேண்டாதவன் ஆகிவிடுவான். அது எனக்குக் கட்டுப்படியாகாது. அதனால் வரி வசூலிக்க வந்தவர்களிடம் வரியைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். பெரியவர் ஒருவருக்குக் கோபம். "ஏம்மா, சாமி காரியத்துல சத்தத்தைக் குறைக்கச் சொல்றியே?"

"குறைக்க வேணாம் பெரியப்பா. கம்பத்தை மாத்திக் கட்டுங்க. எப்ப போடுவீங்க, எப்ப நிறுத்துவீங்கன்னு மட்டும் முந்தின நாள் சொல்லிருங்க. அந்த நேரம் நான் அவனை வெளிய கூட்டிட்டுப் போயிருவேன்."

டிரான்ஸ்பார்மர் பக்கம் மாற்றிக் கட்டினார்கள். ரேடியோ செட் போடும் பையன் தினமும் வந்து நேரம் சொல்லிவிட்டுப் போனான். முளைப்பாரி அன்று இவன் காதுக்கு மஃப் போட்டுக்கொண்டு என் கூடவே கொஞ்ச தூரம் நடந்தான். அன்றைக்குக் கோபப்பட்ட அதே பெரியவர்தான் கூட்டத்தில் எங்களுக்கு முன்னால் வழி விலக்கிக்கொண்டு போனார்.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிந்துவிடவில்லை. முன்பு குடியிருந்த வீட்டில், மாடியில் இவன் குதிக்கிறான் என்று கீழ்வீட்டுக்காரர்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நேரம் குறித்துக் குதிக்க வைக்கிறேன், பாய் விரிக்கிறேன் என்று எல்லாம் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. வேறு வீடு பார்த்து வந்தோம். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இனி பள்ளிக்கூடம். இங்கே கதை வேறு.

இவன் யு.கே.ஜி. படித்த தனியார் பள்ளியில் ஒருநாள் கூப்பிட்டு, "மத்த பேரண்ட்ஸ் கம்ப்ளைன்ட் பண்றாங்க, இவனை ஸ்பெஷல் ஸ்கூல்ல போடுங்க" என்றார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். இந்த வாக்கியத்தைக் கேட்காத பெற்றோர் எங்கள் குழுவில் மிகக் குறைவு. அந்த இடத்தில் நம் மனம் உடனே மன்னிப்புக் கேட்கத் தயாராகிறது. கேட்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 31ஆவது பிரிவின்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. அது அருகிலுள்ள பள்ளியிலா, சிறப்புப் பள்ளியிலா என்பதும் பிள்ளையின் விருப்பம்.

பிரிவு நம்பரை அங்கே ஒப்பிக்கக்கூட வேண்டாம். "சரிங்க மேடம், இதையே ஒரு லெட்டரா எழுதிக் குடுங்க" என்று மட்டும் கேளுங்கள். எங்களுக்கு அந்த லெட்டர் வரவே இல்லை. வராது. வாயால் சொல்வதைப் பள்ளியின் சீலோடு எழுதித் தர யாருக்கும் தைரியம் கிடையாது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சும் நின்றது. இருந்தாலும் வேண்டாத இடத்தில் பிள்ளை தினமும் ஆறு மணி நேரம் உட்கார வேண்டுமா என்று யோசித்து, நாங்களாகவே நடந்து போகும் தூரத்தில் இருந்த அரசுப் பள்ளியில் சேர்த்தோம். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வருவார். தினமும் வர மாட்டார், ஒருவரே பல பள்ளிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இது பெரிய குறை. இதற்காகவும் மனு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்று பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு உரிய பங்கு தர வேண்டும். 2012இல் சட்டத்தைத் திருத்தியபோது மாற்றுத்திறன் பிள்ளைகளையும் அந்தப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். 2022இல் தமிழ்நாடு முழுக்க இந்தக் குழுக்களை மாற்றி அமைத்தபோது நான் உறுப்பினர் ஆனேன்.

குழுவில் நான் முதலில் எடுத்தது என் பிள்ளை விஷயம் இல்லை. பள்ளியில் சக்கர நாற்காலியில் வரும் ஒரு பாப்பா உண்டு. சாய்தளம் இருந்தும் அவள் அம்மா தினமும் அவளைத் தூக்கிக்கொண்டுதான் படி ஏறுவார். ஏன் என்று கேட்டால், "அதுல தள்ளினா நாற்காலி பின்னால சாயுதுக்கா" என்றார். டேப் எடுத்துப் போய் அளந்து பார்த்தேன். ஒன்றரை அடி உயரத்துக்கு ஆறு அடி நீளத்தில் கட்டியிருந்தார்கள். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பதுதான் கணக்கு. 18 அடி வந்திருக்க வேண்டும். சாய்தளம் உண்டா என்ற கட்டத்தில் "ஆம்" என்று டிக் போட்டாயிற்று, ஏற முடிகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. அளவைத் தாளில் வரைந்து கூட்டத்தில் வைத்தேன். தலைமையாசிரியரே ஆச்சரியப்பட்டார். தீர்மானமாக எழுதி அனுப்பினோம். கட்டி முடிக்க ஒரு கல்வியாண்டு போனது, ஆனால் கட்டினார்கள்.

அடுத்த கூட்டத்தில், மின்சார மணிக்கு நேர் கீழே இருக்கும் வகுப்பறையிலிருந்து என் மகனின் வகுப்பைக் கடைசி அறைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டபோது ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. அந்தப் பாப்பாவின் அம்மாதான் முதலில் எழுந்து "மாத்துங்க சார்" என்றார்.

நம் பிள்ளைக்காக நாமே பேசும்போது எதிரே இருப்பவருக்கு அது ஒரு தாயின் புலம்பலாகத் தெரிகிறது. இன்னொரு பிள்ளைக்காகப் பேசினால் கோரிக்கையாகத் தெரிகிறது. இது நியாயமே இல்லை. ஆனால் இப்படித்தான் நடக்கிறது. அதனால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மாற்றி மாற்றிப் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குச் சேர்ந்தே போவோம். மனுவில் ஒரே ஒரு விஷயம், ஒரே பக்கம்.

அப்படிக் கேட்டதில் ஒன்று மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முகாம் பற்றியது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் எங்களுக்கு எதுவும் நகராது. தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, டவுன் பஸ்ஸில் பிள்ளைக்கும் கூட வருபவருக்கும் இலவசப் பயணம், ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீடு, பத்தாம் வகுப்பில் ஒரு மணி நேரம் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், எல்லாவற்றுக்கும் சான்றிதழ்தான் ஆதாரம். ஆட்டிசத்தை அளக்க ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற அளவுகோலில் 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 70ஓ அதற்கு மேலோ வந்தால் ஆட்டிசம். கவனித்துப் பார்த்துப் போட வேண்டிய மதிப்பெண் இது. ஆனால் பந்தலில் மைக் அலற, காலை ஒன்பது மணிக்கு வந்து மத்தியானம் வரை காத்திருந்த பிள்ளையை எப்படி அளப்பது? சில பிள்ளைகள் களைத்து மேஜையிலேயே தூங்கிப் போனதுண்டு. "அமைதியா இருக்கானே, மைல்டுதான்" என்று ஒரு குழந்தைக்கு எழுதினார்கள். நேரம் போட்ட டோக்கனும், மைக் இல்லாத தனி அறையும் கேட்டோம். தனி அறை கிடைத்தது. டோக்கன் ஒரு முகாமில் கொடுத்தார்கள், அடுத்ததில் மறந்துவிட்டார்கள். மறுபடி எழுதினோம்.

இதெல்லாம் அலுப்பாக இருக்கும்போது நான் நினைத்துக்கொள்வது எங்களுக்கு முன்னால் போனவர்களை. 1995ஆம் ஆண்டின் சட்டத்தில் ஏழு குறைபாடுகள்தான் இருந்தன. ஆட்டிசம் என்ற பெயரே அதில் இல்லை. 2016இல் 21 ஆனபோதுதான் உள்ளே வந்தது. இடைப்பட்ட காலத்தில் யாரோ வாசல் வாசலாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். 1972இல் பம்பாயில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கிய மிது ஆலூர், பெருமூளை வாதம் உள்ள ஒரு மகளின் அம்மா. 1985இல் சென்னையில் இன்று வித்யாசாகர் என்று அறியப்படும் நிறுவனத்தைத் தொடங்கிய பூனம் நடராஜன், அதே நிலையில் உள்ள ஒரு மகனின் அம்மா. 1991இல் டெல்லியில் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் தொடங்கிய மெரி பரூவாவும் ஒரு ஆட்டிசம் பையனின் அம்மாதான். 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்ததும் பெற்றோர் அமைப்புகள் விடாமல் கேட்டதால். எனக்கு இவர்கள் சரித்திரம் இல்லை, மூத்த அக்காக்கள்.

அந்தச் சட்டத்தில் ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். பிள்ளைக்கு 18 வயது ஆனதும் சட்டப்படி நாம் தானாகக் காப்பாளர் இல்லை. எங்கள் குழுவில் மூத்த ஒரு அம்மா, 24 வயது மகனின் பேரில் போட்டு வைத்த பணத்தை எடுக்கப் போனபோதுதான் இது தெரிந்து அதிர்ந்து போனார். அந்தச் சட்டத்தின்கீழ் கலெக்டர் தலைமையில் மாவட்டக் குழு ஒன்று உண்டு. அங்கே விண்ணப்பித்துக் காப்பாளர் சான்றிதழ் வாங்கலாம். கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். 17 வயதிலேயே காகிதங்களைச் சேர்க்கத் தொடங்கிவிடுங்கள்.

அவனுக்காக நான் பேசுகிறேன் என்று எழுதிக்கொண்டே வந்தேன். அதற்கும் ஓர் எல்லை உண்டு. இவன் கையில் டேப்லெட்டில் ஆவாஸ் செயலி இருக்கிறது. சென்னையில் உருவானது, படத்தைத் தொட்டால் தமிழில் பேசும். போன வருஷம் ஒரு பள்ளி விழாவில் மாற்றுத்திறன் பிள்ளைகளை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த அழைத்தார்கள். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். இவன் "வேண்டாம்" படத்தைத் தொட்டான். மறுபடி தொட்டான். மைக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஆசிரியரிடம், "அவன் வேண்டாம்னுட்டான் சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார், பரவாயில்லை. எனக்கு அன்று மனசு நிறைந்து போனது. இத்தனை பேரிடம் இத்தனை விஷயம் கேட்டு வாங்குவது, அவன் சொல்லும் "வேண்டாம்" செல்ல வேண்டும் என்பதற்கும் சேர்த்துத்தான்.

இப்போது கையில் இருக்கும் மனு மாநகராட்சிப் பூங்கா பற்றியது. மூன்று விஷயம் என்று தொடங்கி, ஒன்றாகக் குறைத்திருக்கிறோம்: தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஸ்பீக்கரில் பாட்டுப் போடாமல் இருக்க வேண்டும். முதுகுச் சாய்வு வைத்த ஊஞ்சல் அடுத்த மனுவில். மண்டல அலுவலகத்தில் அடுத்து நடக்கும் குறைதீர் முகாமில் கொடுக்கப் போகிறோம். மதுரையில் இருப்பவர்கள் வரலாம், பிள்ளைகளையும் கூட்டி வரலாம். காது மஃப் இரண்டு என் பையில் எப்போதும் இருக்கும். மனுவுக்கு இரண்டு நகல் எடுத்து வாருங்கள், ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ள வேண்டும்.